கைப்பாடமா, குலப்பாடமா?

காரைக்குடிக் கடைத்தெருவில், ஞாயிற்றுக்கிழமை மாலையில், எழுதுபொருள் கடை ஒன்றின் முன் சற்று நேரம் நின்று பாருங்கள். ஏழாம் வகுப்புப் பயிலும் பிள்ளையொன்று தாயின் கைபிடித்து வரும். "நீர்ச் சுழற்சி இருக்கிறதா?" என்று தாய் கேட்பாள். கடைக்காரர் வியப்படைய மாட்டார். பழகிப்போன கேள்வி அது. அடுக்கிலிருந்து அச்சிட்ட படத்தாள் ஒன்றை உருவி நீட்டுவார். கடல் கீழே, மேகம் மேலே, மலை ஓரத்தே, அம்புக்குறிகள் நடுவே. கூடவே ஓர் அட்டை, ஒரு பசைக்குழாய். அன்றிரவு தாய் வெட்டுவாள், தமக்கை ஒட்டுவாள், தந்தை தலைப்பு எழுதுவார், பிள்ளை உறங்கும். திங்கட்கிழமை காலை அட்டை வகுப்பறைச் சுவரில் ஏறிவிடும். செயல்பாடு முடிந்தது! மதிப்பெண் பதிந்தது! ஆய்வுக்கு வரும் அதிகாரியும் சுவரைக் கண்டு மகிழ்வார், சுவர் நிறைந்திருக்கிறதல்லவா?

அந்தச் சுவருக்கு அப்பால் ஓர் ஊருணி இருக்கும். செட்டிநாட்டில் ஊருணியில்லாத ஊர் எங்கே உண்டு? மழை பெய்கிறது, வரத்துக்கால் வழியே நீர் வந்து சேர்கிறது, வெயில் காய்கிறது, நீர் மெல்ல இறங்குகிறது. நீர்ச் சுழற்சி என்னும் பாடம் முழுவதும் கல்லெறி தூரத்தில், காசின்றி, ஆண்டுதோறும் நடந்துகொண்டேயிருக்கிறது. பிள்ளை அதனை ஒருநாளும் அளந்ததில்லை. காசு கொடுத்து வாங்கிய தாளிலே கடலைப் பார்த்தது; காலடியில் கிடந்த நீரைப் பார்க்கவில்லை.

இதனைக் கண்டு சிரித்துவிட்டு அப்பால் செல்லலாம். ஆனால், சிரித்துவிட்டுப் போகும் நேரத்தில் வேறு சிலர் உள்ளே நுழைகின்றனர். "பாருங்கள், ஏட்டுக்கல்வி பயனற்றது, பிள்ளைகளைத் தச்சரிடமும் குயவரிடமும் அனுப்புங்கள், கைத்தொழில் கற்கட்டும்" என்று இனிக்க இனிக்கப் பேசுகின்றனர். ஒட்டுத்தாள் விற்போர் ஒருபுறம், குலத்தொழிலுக்குக் கொடி பிடிப்போர் மறுபுறம். இருவருக்கும் இடையே சிக்கி நிற்பது ஒரு நல்ல பொருள்: கையால் செய்து, கண்ணால் கண்டு, கணக்கையும் அறிவியலையும் வரலாற்றையும் மொழியையும் ஒன்றாகப் பிணைத்துக் கற்கும் கல்வி. அந்த நல்ல பொருளை நாம் யாருக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதே என் வாதம். நம்மவரில் பலர் விட்டுக்கொடுத்துவிட்டனர் என்பதே என் வருத்தம்.

விட்டது எதனை என்று தெரிந்தாலன்றி வருத்தத்தின் அளவு விளங்காது. எனவே ஓராண்டினை எண்ணிப் பாருங்கள். ஏழாம் வகுப்பு, நாற்பது பிள்ளைகள், ஓர் ஊருணி.

ஜூன் திங்களில் பள்ளி திறக்கும்போது ஊருணி வற்றிக் கிடக்கும். கயிறு எடுத்துக்கொண்டு பிள்ளைகள் இறங்குகின்றனர். நீளம் 100 மீட்டர், அகலம் 100 மீட்டர், ஆழம் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கொள்ளளவு 20,000 கன மீட்டர்; அதாவது இரண்டு கோடி லிட்டர். ஆள் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு 55 லிட்டர் குடிநீர் என்பது ஊர்ப்புறத்துக்கு இந்திய அரசே வகுத்துள்ள அளவு. வகுத்துப் பார்க்கட்டும் பிள்ளைகள். ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ ஓராண்டுக்குப் போதுமான நீர்! தம் பாட்டனார் வெட்டிய பள்ளத்தின் பெருமையைப் பிள்ளை அன்றுதான் உணர்கிறது. அதுவும் எவர் சொல்லியுமன்று, தானே வகுத்து.

ஊருணியின் கரைகள் செங்குத்தாக இரா, சரிந்திருக்கும். ஆகவே மேற்பரப்பு ஒன்று, அடிப்பரப்பு வேறு. கணக்கு தப்பிவிட்டதே! தப்பிய கணக்கைத் திருத்த வடிவியல் வருகிறது, வேண்டி விரும்பி வருகிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை கொட்டும்போது, கோடு கிழித்த கழி ஒன்றை நட்டு நாள்தோறும் நீர்மட்டம் குறிக்கின்றனர், வரைபடம் வளர்கிறது. தையிலும் மாசியிலும் மட்டம் இறங்குகிறது. யாரும் மொண்டு செல்லாமலே ஏன் இறங்கிற்று? கதிரவன் குடித்தது எவ்வளவு, மண் குடித்தது எவ்வளவு? அறிவியல் ஆசிரியர் அங்கே வந்தாக வேண்டும். கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டை தெளிவிப்பது எப்படி? படிகாரம் தெளிவிப்பது எப்படி? இரண்டு குவளைகள் போதும், சொற்பொழிவு வேண்டா.

தமிழாசிரியருக்கும் வேலை உண்டு. ஊருணி, கேணி, குளம், ஏரி, கண்மாய், ஏந்தல், தாங்கல் என்று நீர்நிலைக்கு இத்தனை பெயர் ஏன்? மதகு வேறு, மடை வேறு, கலிங்கு வேறு என்பதை அகராதி பார்த்தன்று, கரையில் நின்று அறியட்டும். அறிவுடையான் பெற்ற செல்வத்துக்கு வள்ளுவர் ஊருணி நிறைந்ததைத்தான் உவமை காட்டினார். நிறைந்த ஊருணியை நின்று பார்த்திராத பிள்ளைக்கு அந்த உவமை வெறும் மனப்பாடம். கழி நட்டு அளந்த பிள்ளைக்கோ அது கண்கண்ட உண்மை.

இவ்வளவும் இனிமையான பாடம். இனிமையற்ற பாடம் ஒன்றும் அதே கரையில் இருக்கிறது. அதனைச் சொல்லாத பள்ளி பள்ளியன்று. இந்த ஊருணியில் யார் எந்தப் படித்துறையில் இறங்கினர்? யார் இறங்கவே கூடாது என்று தடுக்கப்பட்டனர்? ஊரின் முதியோரிடம் பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். "ஊர் உண்ணும் நீர்" என்பதில் ஊர் என்றால் யார் என்ற கேள்வி அங்கே பிறக்கும். சமூக அறிவியல் புத்தகத்தின் எந்தப் பக்கத்தையும்விடக் கூர்மையான கேள்வி அது.

ஊருணி ஒன்று போதும் என்று சொல்லவில்லை. பக்கத்திலேயே ஆத்தங்குடி இருக்கிறது. கண்ணாடிப் பலகை மேல் வடிவச் சட்டம் வைத்து, வண்ணச் சிமிட்டிக் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றி, மேலே மணலும் சிமிட்டியும் இட்டு அழுத்தி, பின் நீரில் ஊறப்போடுகின்றனர். ஏன் வெயிலில் காயவைக்கவில்லை? சிமிட்டி காய்ந்து இறுகுவதன்று, நீரை உண்டு இறுகுவது என்ற வேதியியல் அந்தத் தொட்டியில் கிடக்கிறது. நான்கு கல் சேர்ந்தால் ஒரு பூ; பதினாறு சேர்ந்தால் ஒரு கோலம்; சமச்சீர் என்பதற்கு வேறு விளக்கம் எதற்கு? அந்தக் கல் பதித்த வீட்டின் தேக்குத் தூண் பர்மாவிலிருந்து வந்தது. எப்படி வந்தது? கீழ்ப் பர்மாவின் நெல் விளையும் முதன்மையான 13 மாவட்டங்களில், 1930இல் விளைநிலத்தில் நூற்றுக்கு 6 பங்குதான் செட்டிநாட்டு வட்டிக்கடைகளின் கையில் இருந்தது. 1938இல் நூற்றுக்கு 25 பங்கு. பெரும் பொருளாதார வீழ்ச்சியிலே கடன் கட்ட முடியாத பர்மிய உழவனின் நிலம் அது. விழுக்காடு என்ற கணக்குப் பாடத்துக்கு இதனைவிட உயிருள்ள எடுத்துக்காட்டு உண்டா? தூணின் அழகைப் பாராட்டும் பிள்ளை, தூணின் விலையையும் அறியட்டும்.

இப்படி ஓராண்டு கற்ற பிள்ளை தேர்விலே தோற்றுவிடும் என்று அஞ்சுவோர் உளர். கன அளவைக் கயிறு பிடித்துக் கண்ட பிள்ளை, கன அளவுக் கணக்கிலே தோற்குமாம்! இந்த அச்சத்துக்கு நான் அதிகம் மறுமொழி சொல்லப்போவதில்லை.

மறுமொழி சொல்ல வேண்டிய எதிர்ப்பு வேறொன்று இருக்கிறது. அது ஒரு தாயின் எதிர்ப்பு. கட்டட வேலைக்குச் சித்தாளாகச் செல்லும் தாய் கேட்கிறாள்: "நான் சிமிட்டி குழைப்பது போதாதா? என் பிள்ளையும் பள்ளிக்கூடம் போய்ச் சிமிட்டிதான் குழைக்க வேண்டுமா?" தோழர்களே, இந்தக் கேள்வியை அலட்சியம் செய்கிறவன் கல்வியைப் பற்றிப் பேசும் தகுதியற்றவன். அந்தத் தாயின் சொல்லுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு நிற்கிறது.

காரைக்குடி அன்று இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. சிவகங்கை மாவட்டம் பிறந்தது 1985இல்தான். அந்த இராமநாதபுரம் மாவட்டத்தில், 1930 டிசம்பரில் எட்டுத் தடைகளும், 1931இல் பதினொரு தடைகளும் தாழ்த்தப்பட்ட மக்கள் மீது ஆதிக்கச் சாதியாரால் விதிக்கப்பட்டன. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் அவற்றைத் தம் நூலிலே பதிந்து வைத்திருக்கிறார். அண்ணல் அம்பேத்கரும் அவற்றை எடுத்துக் காட்டியிருக்கிறார். அவற்றுள் ஒன்று, அந்த மக்களின் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கலாகாது என்பது. மற்றொன்று, அந்தப் பிள்ளைகள் மிராசுதாரர்களின் மாடுகளை மேய்க்க மட்டுமே வேண்டும் என்பது.

கையால் கற்கும் கல்வி வேண்டும் என்கின்றனரே, அந்தப் பிள்ளைகளுக்கு அது நாள் முழுவதும் கிடைத்தது! விடியல் முதல் அந்தி வரை செய்முறைப் பயிற்சி! புல்லை அறிந்தனர், மாட்டை அறிந்தனர், மழையை அறிந்தனர். அவர்களுக்கு மறுக்கப்பட்டது கையின் வேலையன்று, எழுத்து. அந்தத் தாயின் மரபுக்குள்ளே அந்த நினைவு ஊறியிருக்கிறது. அவள் சந்தேகப்படாமல் யார் சந்தேகப்படுவது?

அதே காலத்தில், அதே மண்ணில், வேறொரு கைப்பாடமும் நடந்தது. நகரத்தார் வீட்டுப் பிள்ளை திண்ணையில் எண்சுவடி கற்று, இளம் வயதிலேயே கப்பலேறி, இரங்கூனிலோ மலாயாவிலோ கடையில் பெட்டியடிப் பையனாக அமர்ந்தான். பேரேடு புரட்டினான், வட்டி கணக்கிட்டான், பிறமொழி பேசக் கற்றான், சரக்கை அறிந்தான், சட்டத்தையும் அறிந்தான். கணக்கும் மொழியும் நிலவியலும் ஒன்றாகப் பிணைந்த கல்விதான் அது. உலகம் வியக்கும் பயிற்சி முறைதான். நாளடைவில் அந்தப் பையன் முதலாளியாகவும் ஆகலாம். அவன் அப்பச்சிக்கு வீடு கட்டிய கொத்தனாரின் மகனும் இளம் வயதிலேயே வேலை கற்றான். அவன் நாளடைவில் என்ன ஆனான்? கொத்தனாரானான். இருவரும் கையால்தான் கற்றனர். ஒரு கை ஏட்டைப் பிடித்தது, மற்றக் கை கரண்டியைப் பிடித்தது. இருவரையும் ஒரு நாளேனும் இடம் மாற்றி உட்கார வைக்க எந்தத் திட்டமும் அன்று எழவில்லை.

சாதியை ஒழிக்காமல் கைத்தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவந்தால் என்ன நேரும் என்பதற்கும் தமிழ்நாட்டில் ஒரு சான்று உண்டு. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம், ஏட்டுப் படிப்போடு உடலுழைப்பையும் இணைக்க முயன்ற நிறுவனம். காங்கிரசு நிதி தந்தது. நோக்கம் பெரிது. ஆனால் உண்ணும் இடத்திலே பார்ப்பனச் சிறுவர்க்குத் தனிப் பந்தி! 1924, 1925ஆம் ஆண்டுகளில் தந்தை பெரியாரும் டாக்டர் வரதராசுலு நாயுடுவும் எழுப்பிய எதிர்ப்பில் அந்த நிறுவனம் நிலைகுலைந்தது. சேர்ந்து உழைத்த பிள்ளைகள் சேர்ந்து உண்ணக் கூடாதாம்!

அங்கிருந்து அந்த வேற்றுமையை ஏற்காது வெளியேறிய இளைஞர் ஒருவர் நம் பக்கத்து ஊருக்குத்தான் வந்து சேர்ந்தார். காரைக்குடியை அடுத்த சிராவயலில் ஓர் ஆசிரமம் அமைத்து, நூற்பையும் படிப்பையும் ஒன்றாக நடத்தினார். 1927இல் செட்டிநாட்டுக்கு வந்த காந்தியார் அங்கே சென்று அவரைக் கண்டார். ப. ஜீவானந்தம் என்னும் அந்த இளைஞரின் பெயரைத் தமிழ்நாடு பின்னாளில் நன்கு அறிந்தது. கட்சி எதுவாயினும், செட்டிநாட்டுப் பிள்ளைகள் இதனை அறிய வேண்டும்: கையும் எழுத்தும் சேரும் கல்வி இந்த மண்ணுக்குப் புதிதன்று, அதனைச் சாதியிலிருந்து பிரித்தெடுக்க முயன்றதும் புதிதன்று.

இனி 1953க்கு வருவோம். அந்த ஆண்டு ஜனவரி 14இல், காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். இராதாகிருட்டிணன் திறந்து வைத்தார். உலோகமும் உப்பும் மின்னும் ஒன்றோடொன்று உறவாடும் விந்தையை ஆராய்வதற்காக, செம்மண் காட்டில் ஒரு பெருங்கூடம்! அதே ஆண்டு ஜூன் திங்களில், சென்னை மாநிலத்து ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஐந்து மணி நேரப் படிப்பு மூன்று மணி நேரமாகச் சுருக்கப்பட்டது. மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றார் முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார். ஆய்வுக்கூடத்தின் வாயில் திறந்த அதே ஆண்டில், அந்த வாயிலுக்குள் ஒருநாள் நுழையக்கூடிய ஊர்ப்புறப் பிள்ளைக்குப் பள்ளியின் வாயில் பாதி சாத்தப்பட்டது!

அவர் தரப்பு வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். பணமில்லை, ஆசிரியர் போதவில்லை, இரண்டு முறை வகுப்பு நடத்தினால் இரு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம் என்றனர். திட்டத்தின் பெயரிலும் குலம் என்ற சொல் இல்லை. "திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம்" என்பதுதான் பெயர். குலக்கல்வி என்பது மக்கள் இட்ட பெயர். சரியான பெயர்! தோட்டியின் பிள்ளை பிற்பகலில் எந்தத் தொழிலைக் கற்கும் என்பதற்குத் திட்டத்திலே விடையில்லை, ஊரிலே விடையிருந்தது. நாடு கொதித்தது. மறியல், சிறை. 1953 ஜூலையில் சட்டமன்றத்திலே, திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்துக்கு ஆதரவு 138, எதிர்ப்பு 138. அடுத்த ஆண்டு முதலமைச்சர் பதவி விலகினார், காமராசர் வந்தார், 1954 மே திங்களில் திட்டம் போயிற்று.

அந்தப் போர் நம் வரலாற்றின் பெருமை. அதில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறமாட்டேன். ஆயினும், வெற்றி பெற்ற படை களத்திலே ஒன்றை மறந்து விட்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் கை வேலை என்றாலே குலத்தொழிலின் நிழல் என்று அஞ்சி, கரும்பலகையும் புத்தகமும் மட்டுமே கல்வி என்று நம்மவர் பலர் முடிவு கட்டினர். காந்தியார் 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும் அதே சந்தேகத்துக்கு இரையாயிற்று. பிள்ளைகள் செய்யும் பொருளை விற்றே பள்ளி நடக்க வேண்டும் என்ற அதன் எண்ணத்தை நான் ஏற்கவில்லை. பள்ளியை நடத்தப் பிள்ளை சம்பாதிக்கக் கூடாது. ஆனால் ஆதாரக் கல்வி, எல்லாப் பிள்ளைகளும் ஒரே கைத்தொழிலைப் பள்ளிக்குள்ளேயே, ஆசிரியரிடமே, பாடத்தோடு இணைத்துக் கற்பது. 1953 திட்டமோ பிள்ளையைப் பள்ளிக்கு வெளியே அனுப்பி, தந்தையின் தொழிலில் கட்டிப்போட்டது. இரண்டையும் ஒன்றென்று கருதியது பிழை.

அப்பிழையின் பயனை இன்று கண்கூடாகக் காண்கிறோம். அவ்வப்போது நல்லவை நடக்கத்தான் நடந்தன. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. 2007-08இல் மாநிலமெங்கும் பரவிற்று. நடுநிலை வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி என்று வந்தது. பெயர் அழகு. நடந்தது என்ன? பாடத்தைப் படி, மனவரைபடம் வரை, தொகுத்துச் சொல். ஊருணியைப் பற்றிய பத்தியைப் படித்து, ஊருணியைப் பற்றி வட்டம் போட்டுக் கோடு இழுத்தனர், ஊருணிக்குச் செல்லவில்லை. 2012இல் முப்பருவ முறை வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் ஒதுக்கினர். மனப்பாடத்தின் பிடியை உடைக்க வந்த மதிப்பெண் அது. அதனை உடைத்தது எது? நான் தொடக்கத்தில் சொன்ன கடைத்தெருப் படத்தாள்!

ஆசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்த வகுப்புகளுக்குக் கைவேலை கற்பிக்க யாரை அமர்த்தினர்? 2012இல், ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு, ஓவியம், உடற்கல்வி, தையல், தோட்டக்கலை, கணினி முதலியவற்றைக் கற்பிக்க 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அமர்த்தினர். வாரத்துக்கு மூன்று அரை நாள். மாதச் சம்பளம் 5,000 ரூபாய். மே திங்களுக்குச் சம்பளமே இல்லை. அம்மாதத்தில் அவர்களுக்குப் பசிக்காது போலும்! பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்து 2024இல் அது 12,500 ஆயிற்று. இந்த இடைக்காலத்தில் ஒரு கட்சி மட்டும் ஆளவில்லை. இரு தரப்பும் ஆண்டன. பணி நிரந்தரம் என்ற வாக்குறுதியும் மேடைகளில் முழங்கிற்று. அந்த ஆசிரியர்கள் ஆண்டுதோறும் சென்னைக்குச் சென்று தெருவிலே உட்கார்ந்தனர்; வண்டியில் ஏற்றப்பட்டனர்; மண்டபத்தில் அடைக்கப்பட்டனர்; மாலையில் விடப்பட்டனர். கையால் கற்கும் கல்விக்கு ஓர் அரசு என்ன மதிப்பு வைத்திருக்கிறது என்பதை அறிய வேறு அளவுகோல் தேவையில்லை. அதனைக் கற்பிப்பவரின் சம்பளத்தைப் பார்த்தால் போதும். நம் ஏட்டில் இதனை எழுதுவது சிலருக்குக் கசக்கலாம். கசக்கட்டும்.

நாம் காலியாக விட்ட அந்த இடத்தில்தான் டில்லி வந்து அமர்கிறது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் பிள்ளைகள் பத்து நாட்கள் புத்தகப் பையின்றி ஊர்த் தச்சர், தோட்டக்காரர், குயவர், கலைஞரிடம் பயிற்சி பெறட்டும் என்கிறது. குலம் என்ற சொல் அதிலும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். தந்தையிடமே கற்க வேண்டும் என்றும் எழுதவில்லை. ஆனால் 2023இல் அதே டில்லி கொண்டுவந்த விசுவகர்மா திட்டத்தைப் பாருங்கள்: பதினெட்டு வயது நிரம்பிய இளைஞன், குடும்பம் மரபாகச் செய்துவரும் தொழிலில் ஈடுபட்டிருந்தால் கடனும் கருவியும்! கல்லூரிக்குச் செல்ல வேண்டிய வயதில் குலத்தொழிலுக்குப் பரிசு! தமிழ்நாட்டு அரசு 2024 நவம்பரில் அதனை ஏற்க மறுத்து, குடும்பத் தொழில் என்ற தளையின்றி, 35 வயது நிரம்பியோருக்கு 25 தொழில்களில் உதவும் திட்டத்தை 2025 ஏப்பிரலில் தொடங்கியது சரியான மறுமொழி. பதின்மூன்று வயதில் பத்து நாள் தச்சரிடம், பதினெட்டு வயதில் தச்சுக் கருவி என்று இரண்டு கொள்கைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவனுக்குப் பாதை எங்கே செல்கிறது என்று தெரியாமலா போகும்?

அவ்வளவு கைப்பற்றுடையோர் காசு தந்தனரா என்றால், அதுவும் இல்லை. 2024-25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு வர வேண்டிய ஒன்றிய நிதி 2,152 கோடி ரூபாய், அவர்கள் நீட்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக நிறுத்தப்பட்டது. கையால் கற்பது பற்றி நமக்குப் போதிப்போர், கையெழுத்துக்காகப் பிள்ளைகளின் காசைப் பிடித்து வைத்தனர்.

மீண்டும் அந்தச் சித்தாள் தாயிடம் செல்வோம். அவளுக்கு என்ன சொல்வது? "உன் பிள்ளை மட்டும் சிமிட்டி குழைக்காது, அம்மா. கடைக்காரர் பிள்ளையும், ஆசிரியர் பிள்ளையும், அதிகாரி பிள்ளையும் அதே நாளில் அதே தொட்டியில் குழைக்கும். குழைத்த பின் உன் பிள்ளை, ஏன் இறுகிற்று என்று எழுதும். ஒரு கல்லுக்கு என்ன செலவு, என்ன விலை, செய்தவருக்கு என்ன கூலி, இடையில் போனது எங்கே என்று கணக்குப் போடும். உன் கூலிச்சீட்டை உனக்கே படித்துக் காட்டும்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவள் ஒப்புவாள். ஆனால் உண்மையாகச் சொல்ல முடியுமா? அதிகாரியின் பிள்ளை அந்தப் பள்ளியில் இல்லையே! அது நுழைவுத்தேர்வுக்குப் பயிற்சி தரும் தனியார் பள்ளியில் இருக்கிறது. அரசுப் பள்ளிக்குக் கைப்பாடம், தனியார் பள்ளிக்குத் தேர்வுப்பாடம் என்று பிரித்துவிட்டால், அது குலக்கல்வியின் மறுபிறவி. அந்தத் தாயே வென்றாள், நான் தோற்றேன்.

ஆகவே, ஓராண்டுக் கைப்பாடம் வேண்டுமெனில் அது எல்லாப் பள்ளிகளுக்கும் சட்டமாக வேண்டும். முடியாததா? 2010இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தபோதும் முடியாது என்றனர். நீதிமன்றம் வரை சென்றனர். 2011 ஆகத்தில் உச்ச நீதிமன்றமே நடத்து என்றது. ஒரே புத்தகம் எல்லாப் பிள்ளைக்கும் என்று செய்ய முடிந்த நாட்டில், ஒரே ஊருணி எல்லாப் பிள்ளைக்கும் என்று செய்ய முடியாதா? பின்லாந்து 1866இலேயே கைவேலையைத் தொடக்கப் பள்ளியின் கட்டாயப் பாடமாக்கிற்று. இன்று அங்கே ஆண்பிள்ளையும் ஊசி பிடிக்கிறான், பெண்பிள்ளையும் உளி பிடிக்கிறாள். 2016 முதல், பல பாடங்களை இணைத்த கற்றல் தொகுதி ஒன்றேனும் ஆண்டுதோறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைத்தாக வேண்டும் என்பது அந்நாட்டு விதி. அந்தப் பனிநாட்டுப் பிள்ளைகளின் குலம் என்னவென்று அங்கே எவரும் கேட்பதில்லை. நம் நாட்டிலோ தையல் என்றால் பெண்பிள்ளைகளைப் பார்க்கிறோம், மண்வெட்டி என்றால் பின்வரிசைப் பையனைப் பார்க்கிறோம்.

பள்ளி நேரத்துக்குள்ளே, பள்ளியின் பொறுப்பிலே, முழுநேர ஆசிரியரின் கையிலே அது நடக்க வேண்டும். ஆத்தங்குடிக் கல் தொழிலாளியையும் கண்டாங்கிச் சேலை நெய்யும் நெசவாளியையும் வகுப்புக்கு அழைத்தால், ஆசிரியருக்குரிய நாற்காலியும் ஊதியமும் அவர்களுக்குத் தர வேண்டும். வேடிக்கை காட்ட வந்தவர்களாக நிறுத்தி வைக்கக் கூடாது. பிள்ளைகள் செய்த பொருளை விற்கக் கூடாது. கடையில் வாங்கிய படத்தாளுக்கு மதிப்பெண் கூடாது. தன் தந்தையின் தொழிலை மட்டும் கற்றுச் செல்லும் பிள்ளை ஒன்றேனும் இருந்தால், அந்த ஆண்டின் பாடம் தோல்வி.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பெற்றோரைப் பெரும்பான்மையாகக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கூட்டத்திலே பெரும்பாலும் சுண்ணாம்பு அடிப்பதைப் பற்றியும் கழிவறைக் கதவைப் பற்றியும் பேசிக் கலைகின்றனர், அவையும் வேண்டியவையே. அடுத்த கூட்டத்தில் நம் தோழர்கள் எழுந்து ஒன்று கேட்கட்டும்: நம் பள்ளிக்கு அருகிலுள்ள ஊருணியின் கொள்ளளவு என்ன? எவருக்கும் தெரிந்திராது. ஏழாம் வகுப்புக்கு அந்தக் கேள்வியைக் கொடுங்கள் என்று தீர்மானம் போடட்டும். ஐம்பது மீட்டர்க் கயிறு ஒன்று, கோடு கிழித்த கழி ஒன்று, நாற்பது குறிப்பேடுகள். ஜூன் திங்களில், மழைக்கு முன், அடித்தளம் தெரியும்போதே இறங்கிவிட வேண்டும். நீர் வந்துவிட்டால் அளக்க இன்னோர் ஆண்டு காத்திருக்க நேரும்.